உட்கார்ந்தால் படபடக்கிறது, ஓடினால் அடங்குகிறது!

மனநல மருத்துவர் பதில்

இந்த முறை ஒரு பெண்மணியின் கடிதம். வயது 44. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், பத்தாவதும் ஏழாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயோடு இருக்கும் மாமியார். ஆறு பக்கத்துக்கு நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு ஒன்பதரை வரை ஓட்டம்தான். அந்த ஓட்டம் அவருக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. ஒன்பதரைக்கு மேல்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. "சோபாவில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே நெஞ்சு படபடவென்று அடிக்கும். எதையோ மறந்துவிட்டோம், எதுவோ நடக்கப்போகிறது என்று தோன்றும். எழுந்துபோய்க் காய்ந்த துணியை மடித்தால்தான் அடங்கும். 'கொஞ்சம் ரிலாக்ஸா இரேன்' என்பார் கணவர். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்" என்கிறார்.

போனில் ஒரு தியானச் செயலியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் மூச்சே அடைப்பதுபோல் ஆகி, பயந்துபோய் எழுந்துவிட்டார். சனி, ஞாயிறு வந்தால் தலைவலி. குடும்பத்தோடு சுற்றுலா போனால் முதல் இரண்டு நாள் உடம்பு முறுக்கிப் போட்டாற்போல் படுக்கை. தூக்கம் வரவில்லை என்று புலம்பியபோது உடன் வேலை பார்க்கும் தோழி தன்னுடைய அல்பிரசோலம் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது ஏறக்குறைய மூன்று மாதமாக, பெரும்பாலான இரவுகளில் அந்த அரை மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் அவர் கேட்பது இது: "ரிலாக்ஸ், ரிலாக்ஸ் என்கிறார்களே, அது உண்மையில் என்ன? மற்றவர்களுக்கு வருவது எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? இது மனநோயா? வேலையை விட்டுவிட்டால் சரியாகிவிடுமா?"

சகோதரி, நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் சொன்ன விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த அரை மாத்திரை

அல்பிரசோலம் பென்சோடயசெபின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்புகளின் பரபரப்பை மட்டுப்படுத்துவது அதன் வேலை. இந்த மாத்திரைகள் அந்த வேலையைக் கூட்டிக் கொடுக்கின்றன. அதனால்தான் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு தளர்ந்து கண் சொக்குகிறது. சரியான ஆளுக்கு, சரியான அளவில், குறைந்த காலத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நல்ல மருந்துதான். நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் "அரைதானே, என்ன ஆகிவிடப்போகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. தினமும் எடுத்தால் சில வாரங்களிலேயே உடம்பு இதற்குப் பழகிவிடக்கூடும். அப்புறம் மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் பதற்றம் முன்னைவிட அதிகமாகத் தலைதூக்கும். அதைப் பார்த்து "ஐயோ, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று நினைப்போம். உண்மையில் மாத்திரை உண்டாக்கிய பதற்றத்தைத்தான் மாத்திரையால் தணித்துக்கொண்டிருப்போம். இந்தக் குடும்பத்து மருந்துகள் அத்தனைக்கும் பழக்கம், அடிமைத்தனம், நிறுத்தும்போது வரும் தொல்லைகள் பற்றிய எச்சரிக்கையை அட்டையில் கட்டம் கட்டிப் போட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் உத்தரவிட்டது. அவ்வளவு பரவலான பிரச்சினை இது.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து. தொடர்ந்து எடுத்துவந்ததைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமே வராமல் போகலாம், கை நடுங்கலாம், சிலருக்கு வலிப்பு வரை போகும். கூட்டவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் போங்கள், அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். எப்படிக் கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் உங்களைத் திட்டுவதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தும் கணக்கை அவர் போட்டுத் தருவார். அதுவரை இதோடு மது கூடாது. தூக்கம் வரவழைக்கும் சளி மருந்தோ, அபின் வகை வலி நிவாரணியோ அவரைக் கேட்காமல் கூடாது, மூச்சே மந்தமாகிவிடும். காலையில் அசதி தெளியாமல் வண்டி ஓட்டாதீர்கள். தோழி நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனாலும் அவருடைய மருந்து அவருக்கானது.

அதே நாளில் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை வரும். ரத்த சோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றங்கள் தொடங்கியிருக்கலாம். அதுவும் இரவில் வியர்வையோடும் படபடப்போடும் எழுப்பிவிடும். இவற்றைப் பார்க்காமலேயே எல்லாவற்றுக்கும் "டென்ஷன்" என்று பெயர் வைத்துவிடுவது பெண்களுக்கு அடிக்கடி நடக்கிற அநியாயம். நெஞ்சில் அழுத்தமான வலி, வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, மயக்கம், வேலை செய்யும்போது கூடுகிற மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

"இது மனநோயா?" என்ற கேள்விக்குக் கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு மேலாக, இல்லாத நாளைவிட இருக்கிற நாளே அதிகம் என்னும்படி கவலை ஓயாமல் ஓடுகிறது, கூடவே உடல் இறுக்கம், அலுப்பு, எரிச்சல், தூக்கக் கெடுதல், ஒன்றில் மனம் நிற்காமை எல்லாம் சேர்ந்து அன்றாட வாழ்க்கையைக் குலைக்கிறது என்றால், பொதுப் பதற்றக் கோளாறாக இருக்குமோ என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இவற்றில் பல இருக்கின்றன. அதனால்தான் நேரில் பார்க்கச் சொல்கிறேன். அப்படியே இருந்தாலும் பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் அல்பிரசோலம்போல் பழக்கப்படுத்தாத மருந்துகளும் இருக்கின்றன. நன்றாகக் குணமாகிற விஷயம் இது.

உட்கார்ந்தால் ஏன் படபடப்பு?

இனி உங்கள் முக்கியமான கேள்வி. உங்கள் கடிதம் முழுக்க ஒரு நம்பிக்கை ஓடுகிறது: வேலை செய்யாமல் உட்கார்ந்தால் ஓய்வு வந்துவிட வேண்டும், வராவிட்டால் தன்னிடம் ஏதோ குறை. இது தப்பு.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்று அமெரிக்காவில் ஒரு மருத்துவர் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே உடல் தளர்வைப் பற்றி ஆராய்ந்து, 1929-இல் தன் முறையை வெளியிட்டார். சோபாவில் சாய்ந்து "நான் ஓய்வாகத்தான் இருக்கிறேன்" என்கிறவர்களின் தசைகளில்கூட இறுக்கம் மிச்சமிருப்பதை அவர் கவனித்தார். கையைத் தூக்குவதாக மனதில் நினைத்தாலே போதும், அசையாத அந்தக் கையின் தசையில் மெல்லிய மின்சலனம் தெரிவதைக் கருவி வைத்து அளந்தும் காட்டினார். படுத்திருப்பது ஒன்று, தளர்ந்திருப்பது வேறொன்று.

இந்த வரியைப் படிக்கும்போதே உங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி அழுந்தியிருக்கிறதா? தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா? சாப்பிடாதபோதும் பேசாதபோதும் பற்கள் தொடாமல் இருப்பதுதான் இயல்பு. பதற்றத்தில் இருக்கிற பலர் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது.

பகலெல்லாம் ஓடும்போது இந்த இறுக்கமும் வேகமான இதயத் துடிப்பும் வேலையோடு வேலையாகக் கரைந்துவிடுகின்றன. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அடித்தால் யாரும் பயப்படுவதில்லை. அதே துடிப்பு சோபாவில் உட்கார்ந்த பிறகும் உடனே இறங்காமல் நிற்கும்போது, அதற்கு வெளியில் காரணம் ஒன்றும் தெரியாததால் மனம் ஒரு காரணத்தைத் தேடுகிறது. "எதையோ மறந்துவிட்டோம்" என்பது அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட காரணம்தான். அவசரத்துக்கு உடம்பைத் தயார் செய்கிற நரம்பு மண்டலம் நொடியில் ஏறிவிடும். இறங்குவதற்கு நேரம் எடுக்கும். ஒன்பதரைக்கு வேலை முடிந்தால் ஒன்பது முப்பத்திரண்டுக்கு நீங்கள் அமைதியாகிவிட வேண்டும் என்று எந்த உடம்பும் ஒப்பந்தம் போட்டுத் தரவில்லை.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. தளர்வுப் பயிற்சி செய்யும்போதே பதற்றம் கூடுவது சிலரிடம் உண்மையிலேயே நடக்கிறது. 1980-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் இதைப் பதிவு செய்து தனிப் பெயரும் கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் பதற்றத்தோடு இருப்பவர்களிடம்தான் இதைப் பார்த்தார்கள். தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைவிட, கண்ணை மூடி அமைதியாக உட்காரும் தியானத்தில் இது கூடுதலாக இருந்தது. ஆக, செயலியில் உங்களுக்கு நடந்தது தோல்வி இல்லை, உங்களுக்குத் தியானம் "ஒத்துக்கொள்ளாது" என்ற தீர்ப்பும் இல்லை. உங்கள் நிலைமைக்கு அதை முதல் படியாக வைத்ததுதான் பொருந்தவில்லை.

ஏன் இப்படி? ஒரு விளக்கம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. கவலையிலேயே இருப்பவருக்குக் கெட்ட செய்தி வந்தால் இறங்க வேண்டிய தூரம் குறைவு. நிம்மதியாக இருக்கும்போது வந்தால் அடி பெரிதாகத் தெரியும். அதனால் மனம் தந்திரமாக, "நிம்மதியாக இருக்கவே வேண்டாம், எதற்கும் தயாராகவே இருப்போம்" என்று முடிவு செய்துவிடுகிறது. நீங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: மாமியாருக்கு ராத்திரியில் சர்க்கரை திடீரென்று இறங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, நீங்கள் சீக்கிரம் படுத்துத் தூங்கிவிட்ட ஒரு நாளில். அதற்கப்புறம் உங்கள் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் என்னவாக இருக்கும்? அசந்தால் ஆபத்து. அது தவறான பாடம்தான். ஆனால் முட்டாள்தனமான பாடம் இல்லை. வீட்டில் ஒருவரைக் காப்பாற்ற வேண்டும் என்று படித்துக்கொண்ட பாடம்.

கணவர் சொல்வது ஏன் எடுபடவில்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் உடன் ஆராய்ந்தவர்களும் 1997-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முக்கியமான தேர்வு என்று சொல்லி அழுத்தம் கொடுத்த நிலையில், ரிலாக்ஸாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களுக்கு உடல் கிளர்ச்சியைத் தணித்துக்கொள்வது மற்றவர்களைவிடக் கடினமாக இருந்தது. மனச்சுமை இருக்கும்போது "அமைதியாகு" என்று ஏவினால் மனம் "ஆகிவிட்டோமா, ஆகிவிட்டோமா" என்று சோதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சோதனையே அமைதியைக் கெடுக்கும். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் சொன்னால் நடக்கிற காரியம் இல்லை இது.

சனிக்கிழமைத் தலைவலி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் நாட்குறிப்புகளை வைத்து 2014-இல் வெளியான ஒரு ஆய்வில், மன அழுத்தம் கூடும் நேரத்தைவிட அது இறங்கும் நேரத்தில், குறிப்பாக முதல் 6 மணி நேரத்தில், தலைவலி வரும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. லீவு நாளில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதும், காலைக் காபி தள்ளிப்போவதும் சேர்ந்துகொள்ளும். எழும் நேரத்தையும் காபி நேரத்தையும் வார நாள்போலவே வைத்துப் பாருங்கள். வியாழன், வெள்ளியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கப் பழகினால் சனிக்கிழமை தடாலென்று விழ வேண்டியிருக்காது. தலைவலி தொடர்ந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; வலி மாத்திரையை வாரத்தில் பல நாள் எடுப்பதே தலைவலிக்குக் காரணமாவதும் உண்டு.

மனதைக் காலியாக்க வேண்டியதில்லை

மனதில் எண்ணமே இல்லாமல் இருப்பதுதான் ரிலாக்ஸ் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி ஒரு நிபந்தனை எங்கும் கிடையாது. எண்ணம் வரும், போகும். காவல் காக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்தால் போதும், அதுதான் ரிலாக்ஸ். உடம்புக்கு அதைப் பேச்சால் சொல்ல முடியாது, பழக்கத்தால்தான் சொல்ல முடியும்.

கண்ணைத் திறந்துகொண்டே ஆரம்பியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை முஷ்டியாக ஐந்து வினாடி இறுக்குங்கள். முழு பலமும் வேண்டாம், பாதி போதும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, அரை நிமிடம் அந்தக் கையை மட்டும் கவனியுங்கள். விரல்களில் ஒரு வெதுவெதுப்பு, கனம், லேசான குறுகுறுப்பு தெரியும். அந்த வித்தியாசத்தை உணர்வதுதான் பயிற்சி, இறுக்குவது இல்லை. அடுத்து இடது கை, பிறகு தோள், கடைசியாகத் தாடை. மொத்தம் மூன்று நான்கு நிமிடம். ஜேக்கப்சன் வழி வந்த முறைதான், சுருக்கியிருக்கிறேன். அவருடைய மூல முறை மாதக்கணக்கில் நீளும்.

மூச்சுப் பயிற்சியை இரண்டு வாரம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஆழமாக இழுக்கக் கூடாது, மெதுவாக விட்டால் போதும். மூச்சை வெளியே விடும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தணிகிறது. நாடியில் விரல் வைத்துப் பார்த்தால் பலருக்குத் தெரியும். படபடப்பு வந்தால் விட்டுவிட்டு எழுந்து நடங்கள். நாளைக்கு ஒரு நிமிடம் செய்தால் போதும். அசௌகரியம் தாங்குகிற அளவில் இருந்தால் அதோடு அரை நிமிடம் கூட இருந்து பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு அப்படித்தான் கற்றுக்கொள்ளும்.

துணி மடிப்பதைப் பற்றி வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்களே, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரே சீராகக் கை அசைவது பலருக்கு உண்மையிலேயே மனதை ஆற்றும். ஆனால் கைக்கு இதமாக இருப்பதால் மடிக்கிறீர்களா, உட்காரப் பயந்து மடிக்கிறீர்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி வருகிறது: "முன்பெல்லாம் எம்பிராய்டரி போடுவேன், இப்போது அதற்கெல்லாம் ஏது நேரம்." அந்த வரிதான் எனக்கு உங்கள் கடிதத்திலேயே பிடித்த வரி. சபீன் சோன்னென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-இல், வேலைக்குப் பிறகு மனிதர்கள் மீள்வதில் நான்கு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்கள். வேலையின் நினைப்பிலிருந்து விலகுவது, உடல் மனத் தளர்வு, எதையாவது கற்றுத் தேறுவது, அந்த நேரம் தன் கையில் இருப்பது. சோபாவில் சும்மா உட்காருவது இந்த நான்கில் ஒன்றுதான். உங்களுக்கு அது இப்போது மிகக் கடினமானது. ஊசியும் நூலும் மற்ற மூன்றையும் தரும். அங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். மடியில் துணியும் வளையமும் இருக்க, ஒரு பூவிதழ் போட்டு முடித்துவிட்டு, ஊசியைக் குத்தி வைத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். சும்மா இருப்பதை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். எத்தனை நாள் விடாமல் செய்தீர்கள் என்று எண்ணிக்கை காட்டுகிற செயலிகள் உங்களுக்கு வேண்டாம். ஓய்வுக்கும் மார்க் போட்டால் அது இன்னொரு வேலையாகிவிடும். வேலைகளுக்கு ஏற்கெனவே உங்களிடம் பஞ்சமில்லை.

படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் ஒரு நோட்டில் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். "ஆஃபீஸ் வேலை" என்று பொத்தாம்பொதுவாக இல்லாமல், "பதினொரு மணிக்கு வரி ரசீதைச் சரிபார்க்க வேண்டும்" என்ற மாதிரி. 2018-இல் 57 பேரை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. எளிய விஷயம், காசு செலவில்லை, பக்கவிளைவும் இல்லை.

காவலை யாரிடம் கொடுப்பது?

மேலே சொன்னதெல்லாம் பயிற்சி. ஆனால் பயிற்சி மட்டும் போதாது. வீட்டில் யாருக்கு என்ன என்று உங்கள் காது ராப்பகலாக விழித்திருக்கிற வரை, எந்த மூச்சுப் பயிற்சியும் பாதிதான் வேலை செய்யும். நீங்கள் சோபாவில் உட்காரும்போது மாமியாரின் இரவு மாத்திரை யார் பொறுப்பு? நீங்கள். பெரியவனின் பரீட்சைத் தேதி யார் தலையில்? உங்கள் தலையில். கணவர் நல்லவர், "சொன்னால் செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்த இரண்டு வார்த்தையில்தான் இருக்கிறது. சொல்ல வேண்டியதை ஞாபகம் வைத்திருப்பது, சரியான நேரத்தில் சொல்வது, செய்தாரா என்று பார்ப்பது, இது மூன்றும் வேலைதான். கை வேலையை அவர் செய்தாலும் காவல் வேலை உங்களிடமே இருக்கிறது.

அதனால் உதவி கேட்காதீர்கள். பொறுப்பை முழுதாக மாற்றிக் கொடுங்கள். மாமியாரின் மருந்துப் பெட்டி, அடுத்த பரிசோதனைத் தேதி, மருந்து தீரும் முன் வாங்குவது, ராத்திரி சர்க்கரை பார்ப்பது, எல்லாம் இனிமேல் அவர் மகனுடையது. சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் அவரே நேரில் கேட்டுக்கொள்ளட்டும். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்க என்னை ரிலாக்ஸா இருக்கச் சொல்றீங்க. எனக்கும் ஆசைதான். அம்மாவோட மருந்து விஷயம் முழுக்க உங்க பொறுப்புன்னு ஆனாத்தான் என்னால உட்கார முடியும். நான் ஞாபகப்படுத்த மாட்டேன்." கோபமில்லாமல், சண்டை இல்லாத ஒரு பகல் வேளையில் சொல்லுங்கள்.

முதல் சில வாரம் கஷ்டமாக இருக்கும், அவரைவிட உங்களுக்கு. பெட்டியைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், எடுத்த மாத்திரையைக் குறிக்க ஒரு தாளை அந்தப் பெட்டியிலேயே ஒட்டிவையுங்கள். நாளுக்கு ஒரு முறை அதைப் பார்க்கலாம், கேள்வி கேட்கக் கூடாது. பரீட்சை, சீருடை, பை இந்த மாதிரி விஷயங்களில் பிள்ளைகள் ஒன்றிரண்டை மறக்கட்டும். பத்தாவது படிக்கிறவனுக்குத் தன் பையைத் தானே பார்த்துக்கொள்ளும் வயது வந்துவிட்டது. மாமியாரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தன்னால் முடிந்ததைத் தானே செய்ய அவருக்கே விருப்பம் இருக்கலாம்.

வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், நீங்கள் வீட்டில் இருந்தும் "இல்லாத" நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். எம்பிராய்டரியோ தூக்கமோ, அது உங்கள் இஷ்டம். அலுவலகக் குழுச் செய்திகள் அந்த நேரத்தில் சத்தம் போடக் கூடாது.

நீண்ட விடுமுறை எடுத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் உங்களுக்கு இருக்கிறது. விடுமுறை நல்லதுதான், ஆனால் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே அதன் பலன் கரைந்துவிடுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வருஷத்துக்கு ஒரு பெரிய சுற்றுலாவைவிட வாரத்துக்கு இரண்டு மாலையைத்தான் நான் உங்களுக்கு எழுதிக் கொடுப்பேன்.

வேலையை விடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. படபடப்பு வருவது அலுவலகத்தில் இல்லை, வீட்டில், வேலை முடிந்த பிறகு. வேலையை விட்டால் அந்த எட்டு மணி நேரத்தையும் வீட்டுக் காவலே விழுங்கிவிடும் என்று பயப்படுகிறேன். "நீதான் வீட்டில் இருக்கிறாயே" என்ற வார்த்தை தானாக வரும். சொந்த வருமானமும் போய்விடும். மருந்தைக் குறைக்கிற காலத்தில் மனம் நிலையாக இருக்காது. திரும்பப் பெற முடியாத முடிவுகளை அப்போது எடுக்க வேண்டாம்.

ஆனால் மாதக் கடைசியில் இரவு பதினொரு மணி வரை வீட்டிலிருந்து கணக்கு பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் சும்மா விடக் கூடாது. ஒரு மாதம் உண்மையான வேலை நேரத்தை, வீட்டில் பார்ப்பதையும் சேர்த்து, எழுதிவையுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். உங்கள் கணக்கு அந்தப் பக்கம் போனால், அந்தத் தாளோடு மேலாளரிடம் பேசுங்கள்: மாதக் கடைசிக்கு இன்னொரு ஆள், அல்லது வேலையை மாதம் முழுக்கப் பிரிப்பது, அல்லது அதற்கு ஈடாக விடுப்பு. கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை இல்லை இது. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 24-ஆம் பிரிவில், ஓய்வும் ஓய்வு நேரமும், நியாயமான வேலை நேர வரம்பும், சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் எல்லோருக்கும் உரிமை என்று எழுதியிருக்கிறது. உங்கள் வேலை ஒப்பந்தத்திலும் உங்களுக்குப் பொருந்தும் சட்டத்திலும் அது எந்த அளவுக்கு வருகிறது என்பதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மருத்துவர் தேவை என்று கருதினால் மருத்துவ விடுப்புக்கும் எழுதித் தருவார்.

மாத்திரை முழுதாக நின்று, மருந்துப் பெட்டி கணவர் கைக்குப் போய், குறைந்தது மூன்று மாதம் ஆகட்டும். அதற்கப்புறமும் காலையில் அலுவலகத்தை நினைத்தாலே வயிற்றைப் பிசைந்தால், பேசிப் பார்த்தும் மாதக் கடைசி மாறவில்லை என்றால், வேறு வேலை தேடுவதைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தோடு உங்கள் வேலை நேரக் கணக்கையும் வையுங்கள்.